ராமபாணப் பூச்சி பிடிபட்ட வீடு

ஊரே சேர்ந்து ஒருத்தரை வெறுக்க வேண்டுமென்றால் அவர் ஏதாவது கெடுதல் செய்திருக்க வேண்டும். வேதமாணிக்கம் அந்தச் சிரமமெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நோட்டு வைத்திருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. பக்கத்துக்கு ஒரு பூச்சி. மேலே அவரே எடுத்து, அவரே கழுவி, அவரே ஒட்டிய படம். கீழே மையில், சாய்ந்த கையெழுத்தில் நாலு வரி: பூச்சியின் பெயர், பிடித்த தேதி, அது தின்பது, பிடித்த வீடு. மூன்று வரியோடு நிறுத்தியிருந்தால் கோவில்பட்டியில் மரியாதையாகக் காலம் தள்ளியிருக்கலாம். நாலாவது வரி இல்லாமல் அவரால் முடியாது. எங்கே பிடித்தது என்று தெரியாத பூச்சிக்குப் படம் எதற்கு என்பது அவர் கட்சி.

‘மூட்டைப்பூச்சி. சித்திரை 4. மனித ரத்தம். பாண்டியம்மாள் வீடு, கயிற்றுக் கட்டில், தலைமாட்டுப் பக்கம்.’

‘பேன். ஆடி 12. மனித ரத்தம். அழகுத்தாய், இடது காதுக்கு மேல்.’

ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடு. நடுவில் உப்புத்தண்ணிக் கிணறு. அந்த வளவுக்குள் ஒரு மனுசர் இப்படி எழுதி வைத்திருக்கிறார் என்றால் அவருக்கு யார் மோர் கொடுப்பார்கள்? அடுப்புக்கு நெருப்பு கேட்டால்கூட, “பூச்சி அண்ணாச்சிக்கு நெருப்பு எதுக்கு? கம்பளிப்பூச்சிக்குக் குளிருதோ?” என்று பாண்டியம்மாள் கேட்பாள். முகத்துக்கு நேரே ‘பூச்சி அண்ணாச்சி’. முதுகுக்குப் பின்னால் அண்ணாச்சி கிடையாது.

அவருக்கும் அவர்களைப் பிடிக்காது. இதில் ஒருதலைப்பட்சம் எதுவும் இல்லை.

பிழைப்பு, கிருபா போட்டோ ஸ்டூடியோவில் ரீடச்சிங். ஸ்டூடியோக்காரர் இஸ்ரவேல் படம் எடுப்பார். வேதமாணிக்கம் நெகட்டிவைக் கண்ணாடியில் சாய்த்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் மூஞ்சிகளைத் திருத்துவார். அம்மைத் தழும்பு மறையும். ஒன்றரைக் கண் நேராகும். மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிற பெண்ணுக்கு இரண்டு வயது குறையும். “காலையில ஒம்பது மணிக்கு உக்காந்தா சாயந்திரம் ஆறு வரைக்கும் பொய் எழுதுதேன்” என்று அவரே சொல்வார். பெருமையாகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலாகச் சொன்னார். அந்தப் பென்சிலை ஒரு பூச்சியின் படத்தில் அவர் வைத்ததே இல்லை. கால் உடைந்த வெட்டுக்கிளி என்றால் படத்திலும் கால் உடைந்துதான் இருக்கும்.

இன்னொரு வேலையும் உண்டு. யாராவது செத்தால், நாற்காலியில் உட்காரவைத்து, வாய் திறக்காமல் நாடியைத் துணியால் கட்டி, மாலை போட்டு, குடும்பம் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். பிணம் என்றால் இஸ்ரவேல் கடைப்படி இறங்கமாட்டார். அதனால் துருத்தி வைத்த பழைய பிளேட் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது வேதமாணிக்கம். அவர் முக்காலியோடு தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்கள், “எந்த வீட்டுக்கு?” என்று கேட்டுவிட்டு, நம் வீடு இல்லை என்று உறுதியான பிறகுதான் மூச்சு விடுவார்கள். “பொணம்தான்யா ஒழுங்கா உக்காருது, உசுரோட இருக்கவன் ஆடுதான்” என்பார் அவர். இப்படிப் பேசுகிற ஆளுக்கு, இப்படி வேலை செய்கிற ஆளுக்கு, அந்த வளவை விட்டால் ஊரில் வாடகைக்கு இடம் கிடையாது. ஏழு வீடு கேட்டு, ஏழு கதவு சாத்தப்பட்டு, எட்டாவதாகக் கிடைத்த இடம் அது. ஜன்னல் இல்லாத உள்ளறை ஒன்று. படம் கழுவுவதற்கென்றே கட்டியதுபோல் இருட்டு. பின்னால் ஒரு முழ அகலத்துக்குக் கரிசல் தரை. அதில் எருக்கு, ஒரு முருங்கை, நாலு கத்தரி, தானாக முளைத்த பருத்தி ஒன்று. கண்டவர்கள் அதைக் குப்பைமேடு என்பார்கள். அவர் அதைத் தோட்டம் என்பார். பூச்சிகள் அவர் பக்கம்.

படம் எடுக்கும் முறையும் அவர் தானாகக் கண்டுபிடித்ததுதான். புதுப்பானையில் ஈர மணல், மணலுக்குள் புதைத்த சிறு செம்பு, செம்புக்குள் பூச்சி, வாய்க்கு மெல்லிசுத் துணி. அரை மணி நேரம் குளிர்ந்து சோம்பிப்போன பூச்சியை இலையில் எடுத்து வைத்தால் நூறு எண்ணுகிற வரைக்கும் அசையாது. அதற்குள் கேமராத் துருத்தியை நீள இழுத்து, முகம் பார்க்கும் கண்ணாடியால் காலை வெயிலைத் திருப்பிப் பூச்சி மேல் விழவைத்து, எடுத்துவிட வேண்டும். நூறு தாண்டினால் பூச்சிக்கு உயிர் வந்துவிடும், இவருக்கு ஒரு பிளேட் போய்விடும்.

பெயர் தெரியாத பூச்சிகளின் படங்களைக் கோயம்புத்தூரில் பூச்சி ஆராய்கிற ஒரு அதிகாரிக்கு அனுப்புவார். உலகத்தில் யாருமே பார்க்காத பூச்சி ஒன்று தன் எருக்கஞ்செடியில் உட்காரும், அதற்குத் தன் பெயரை வைப்பார்கள் என்று ஒரு ஆசை. நாலு வருசத்தில் பதினோரு பதில் வந்தது. பதினொன்றும் ‘மிகச் சாதாரணமான வகை’ என்றுதான் முடிந்தன. அந்தக் கடிதங்களைக் கூட்டிப் படித்தவள் அழகுத்தாய். வளவுப் பெண்களில் ஐந்தாம் வகுப்பு தேறியவள் அவள் ஒருத்திதான். தபால்காரர் யாருக்குக் கடிதம் கொண்டுவந்தாலும் முதலில் படிப்பது அவள் வழக்கம். “பூச்சி அண்ணாச்சிக்குத் திரும்பவும் சாதாரணம் வந்திருக்கு” என்று முற்றத்தில் நின்று சத்தம் போடுவாள்.

இப்படிச் சுமுகமாகப் பகை வளர்த்துக்கொண்டிருந்த வளவில், ஐம்பத்தொன்பதாம் வருசம் பங்குனியில்தான் நிஜமான சண்டை வந்தது.

அந்த வளவில் ஐந்து வீட்டுப் பெண்களும் தீப்பெட்டிக்கு மேல்பெட்டி ஒட்டுகிறவர்கள். கம்பெனி ஏஜென்ட் செல்லத்துரை திங்கட்கிழமை சைக்கிளில் வந்து மெல்லிய மரத்தகடு, நீலக் காகிதம், பசைக்கு மைதா எல்லாம் கொடுத்துவிட்டு, அடுத்த திங்கள் ஒட்டிய பெட்டிகளை வாங்கிக்கொண்டு போவார். அந்தத் திங்கட்கிழமை அவர் ஒரு கூடையை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்தார்.

“ஏட்டி பாண்டியம்மா, இது பெட்டியா சல்லடையா?”

காகிதம் ஓரம் ஓரமாக அரிக்கப்பட்டிருந்தது. மூலைகள் விட்டுப்போய்ப் பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. பாண்டியம்மாள் ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். நாகலாபுரத்துப் பக்கம் மழை பொய்த்த வருசம், புருசன் உக்கிரபாண்டியோடு மூட்டை கட்டி வந்தவள். உக்கிரபாண்டிக்குப் பஞ்சுப் பேட்டையில் வேலை இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. பெட்டி ஒட்டித்தான் அந்த வீட்டில் உலை. அவள் நாக்குக்குப் பஞ்சம் எப்போதும் வந்ததில்லை.

“என்னைக் கேட்டா?” என்றாள். “பூச்சிக்குப் பானை வச்சு, பாய் விரிச்சு, படம் புடிச்சு வளக்குதாருல்லா ஒருத்தரு, அவரைக் கேளும். அங்கன தின்னு கொழுத்தது இங்கன வந்து பெட்டியத் திங்குது.”

பின்வாசலில் பென்சில் சீவிக்கொண்டிருந்த வேதமாணிக்கம் தலையை நிமிர்த்தினார். “நான் வளக்கது எருக்க எலை திங்கும். மைதா மாவு திங்காது.”

“உம்மகிட்ட வந்து அது சொல்லிச்சோ?”

வளவு சிரித்தது. செல்லத்துரை சிரிக்கவில்லை. இன்னொரு வாரம் இப்படி ஒரு கூடை வந்தால் ஐந்து வீட்டுக்கும் வேலையை நிறுத்திவிட்டுக் கழுகுமலைப் பக்கம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கார முதலாளி ராமசுப்புவுக்கு இடைசெவலில் இருபது ஏக்கர் கரிசல். பெண்கள் ஐந்து பேரும் சேர்ந்து அவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் பஸ் ஏறி வந்தார், கிணற்றடியில் நின்றார், துண்டால் முகத்தைத் துடைத்தார். தீர்ப்பு அந்தத் துண்டு மடிவதற்குள் வந்துவிட்டது.

“பத்து நாள் பாப்பேன், வேதமாணிக்கம். பூச்சி போகணும். இல்ல, நீரு போகணும்.”

“என் பூச்சி இல்ல மொதலாளி இது.”

“யாரு பூச்சின்னு அதுமேல எழுதியா ஒட்டியிருக்கு?”

‘எழுதி ஒட்டுகிறேன்’ என்று வேதமாணிக்கம் மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

அரித்தது எது என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அரித்த ஓரத்தைப் பார்த்தாலே தெரிகிறது: ராமபாணப் பூச்சி. வெள்ளிக் கம்பியை நசுக்கியது மாதிரி உடம்பு, பின்னால் மூன்று வால், பசை எங்கேயோ அங்கே அது. பழைய நோட்டு, பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை ஒன்றையும் விடாது. அவர் படங்களைக்கூடத் தின்ன வந்த பூச்சிதான். அதனால்தான் படம் ஒட்டுகிற பசையில் அவர் எப்போதும் மயில்துத்தம் போடுவார். நீல நிறத்தில் கற்கண்டு மாதிரி இருக்கும், விஷம். துத்தம் விழுந்த பசைப் பக்கம் ராமபாணம் எட்டிப் பார்க்காது.

அங்கேதான் அவருக்கு இடித்தது. செல்லத்துரையும்தானே துத்தம் கொடுக்கிறார்? வேறு வளவுகளில் பசைக்குக் கொடுத்த மாவைக் கிண்டித் தின்றுவிடுகிறார்கள் என்று, துத்தத்தைத் தன் கண்ணெதிரே மாவில் கலந்தால்தான் அந்த ஆள் சைக்கிளை எடுப்பார். பிறகு ராமபாணம் எப்படித் தின்றது?

மறுநாள் எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில் குந்தினார். செடி ஒரு மாதமாகவே வாடிக்கொண்டு வந்தது. வெயில் என்று நினைத்திருந்தார். தூரைத் தோண்டினால் கரிசல் மண்ணுக்குள் நீலம் நீலமாகத் திட்டு. சுவரைத் தாண்டி யாரோ தவறாமல் எதையோ கொட்டியிருக்கிறார்கள். விரலில் எடுத்துப் பார்த்தார். துத்தம். நல்ல துத்தம்.

அடுத்த திங்கட்கிழமை கலப்பதைத் தன் கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். செல்லத்துரை கொடுத்த துத்தக் கட்டியை வாங்கி உள்ளே போன பாண்டியம்மாள், ஐந்து வீட்டுக்கும் சேர்த்து இடித்து வைத்திருந்த நீலப் பொடியைச் சிரட்டையில் கொண்டுவந்தாள். செல்லத்துரை பார்த்தார், மாவில் கொட்டச் சொன்னார், கையால் துழாவச் சொன்னார், போனார். முற்றத்தில் சிந்திய நாலு பருக்கையை வேதமாணிக்கம் இடுக்கியால் எடுத்துப் போய் உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். துத்தம் உடைந்தால் சாய்ந்த கட்டமாக உடையும். இது சதுரம் சதுரமாக இருந்தது. நாக்கில் வைத்தார்.

கல்லுப்பு. வேட்டிக்குப் போடுகிற நீலத்தில் முக்கி எடுத்த கல்லுப்பு.

அவருக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, பொறாமை. என்ன மூளை! ஏஜென்டும் ஏமாந்தாயிற்று, மாவுக்கு உப்பும் போட்டாயிற்று. அன்று மத்தியானம் வளவில் ஐந்து வீட்டிலும் களி. மண்ணோட்டுத் தட்டுகளில் லேசாக வானத்து நிறம் அடித்த களி. தட்டுக்கு இரண்டு கை விழுந்தது. இவ்வளவு நாளும் அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறார். ஆறு கால் இல்லாததால் கவனிக்கவில்லை.

ஆக, அந்தப் பக்கம் ஐந்து வீட்டுக் கல்லுப்புக் களி. இந்தப் பக்கம் அவருடைய வீடு. அவர் வீட்டின் பக்கம்தான் நின்றார்.

தகரப் பெட்டி ஒன்றைக் காலி செய்தார். உள்ளே இரண்டு தீப்பெட்டி மேல்கூடு வைத்தார். ஒன்று பாண்டியம்மாள் கூடையிலிருந்து விழுந்தது. இன்னொன்று தன் துத்தப் பசையால் அவரே ஒட்டியது. பத்து ராமபாணத்தைப் பிடித்து உள்ளே விட்டு மூடினார். பெட்டிக்குள் பகலும் இருட்டுத்தான். அந்தப் பூச்சிக்கு அது போதும். நாலாம் நாள் காலையில் திறந்தால், அவர் ஒட்டிய பெட்டி புதுப்பெண் மாதிரி இருந்தது. மற்றது முழுக்க ஓட்டை. ஓட்டைக்கு ஓட்டை வால். தகரப் பெட்டியை அப்படியே ஈர மணல் மேல் வைத்துக் குளிரச் செய்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, நூறு எண்ணி முடிப்பதற்குள் எடுத்தார். அவர் ஆயுசில் எடுத்த படங்களிலேயே அதுதான் படம். மீசை இரண்டும், வால் மூன்றும், உடம்புச் செதிலும் எண்ணலாம். முழுசான பெட்டிக்குப் பக்கத்தில், மற்ற பெட்டியின் அரிபட்ட மூலை சாட்சிக்கூண்டில் நிற்கிற மாதிரி நின்றது. அவர் கழுவிய காகிதத்தைக் கிளிப்பில் மாட்டிவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த வீட்டில் அழகுத்தாய்க்குப் புரையேறியது. அந்தச் சுவருக்கு அப்பாலிருந்து சிரிப்பு கேட்டது அதுதான் முதல் தடவை.

பத்தாம் நாள். ராமசுப்பு வந்தார். செல்லத்துரையும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றார். பெண்கள் ஐந்து பேரும் கிணற்றுக்கு அந்தப் பக்கம். வேதமாணிக்கம் சலவைச் சட்டை போட்டு, நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, படத்தை முதலாளியிடம் நீட்டினார்.

“இது ராமபாணம். என் தோட்டத்துப் பூச்சி இல்ல. ஊர்ல எல்லா வீட்டுலயும் இருக்கது. துத்தம் இருக்க பெட்டியத் தொடல. பக்கத்துல இருக்க இந்தப் பெட்டியத் தின்னுருக்கு.”

ராமசுப்பு படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டப் பிடித்துப் பார்த்தார். “ஏயப்பா, மீசை மொதக்கொண்டு தெரியுது!” என்றார்.

செல்லத்துரை படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார். ஆள் கெட்டி. ஒரு பார்வையில் விஷயம் பிடிபட்டுவிட்டது.

“அப்ப இதுல துத்தம் இல்ல.”

செல்லத்துரை கிணற்றுக்கு அந்தப் பக்கம் திரும்பினார்.

“நான் கண்ணால பாத்துக் கலக்கச் சொல்லுதேன். அதுக்கு மேலயும் என்னத்தையோ பண்ணுதாளுவ. மாவத் திங்குதாளுவ மொதலாளி, மாவத் திங்குதாளுவ! பூச்சியவிடக் கேவலம் இதுக.” வேதமாணிக்கத்தின் தோளில் கை போட்டார். ஒரு மாமாங்கமாக அந்தத் தோளில் யாரும் கை போட்டதில்லை. “அண்ணாச்சி, நீங்க பெரிய ஆளு. அந்த நோட்டக் காட்டுங்க. எந்தப் பூச்சி எந்த வீடுன்னு எழுதியிருப்பீங்களாமே. இந்தப் பெட்டி எவ வீட்டுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.” நோட்டை அவரே உருவிப் பக்கங்களைப் புரட்டினார். மூட்டைப்பூச்சிப் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். “அருமையான நோட்டு! வீடு வீடாப் பேரு! கம்பெனிக்கு இப்படி ஒரு ஆளு வேணும் அண்ணாச்சி. வளவு வளவாப் போயி எழுதுங்க. நான் கம்பெனி மொதலாளிகிட்டச் சொல்லுதேன்.”

எட்டு வருசமாக எழுதுகிற நோட்டு. அதை அருமை என்று சொன்ன முதல் வாய் இது. வேதமாணிக்கத்துக்குத் தோளில் கம்பளிப்பூச்சி விழுந்த மாதிரி அரித்தது.

அவர் பாண்டியம்மாளைப் பார்த்தார். அவள் கெஞ்சுவாள் என்று நாலு நாளாகக் காத்திருந்தார். அந்தக் கெஞ்சலுக்கு என்ன பதில் சொல்லலாம் என்று மூன்று விதமாக ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “சொல்லும். என்னைக்கு உம்ம வாயில நல்லது வந்துச்சு, இன்னைக்கு வர?” என்றாள்.

அவர் செல்லத்துரையின் கையைத் தோளிலிருந்து எடுத்து அந்தரத்தில் விட்டார்.

“துத்தம் ரெண்டு பெட்டியிலயும் இருக்கு” என்றார். “தின்னாத பெட்டியில இருக்கது நான் ஸ்டூடியோவுக்கு வாங்குன துத்தம். தின்ன பெட்டியில இருக்கது நீரு குடுத்த துத்தம். பூச்சிக்கு வித்தியாசம் தெரியுது.”

“என்னது?”

“சத்தில்லாத துத்தம். எங்கன வாங்குனீரோ, எவ்வளவுக்கு வாங்குனீரோ. நீரு சொல்லுத மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, படத்தோட ஒங்க கம்பெனிக்கே தபால்ல அனுப்புதேன்.”

செல்லத்துரையின் முகத்தை அந்த நேரம் ரீடச் பண்ண எந்தப் பென்சிலாலும் முடியாது. அவர் கொடுத்தது நல்ல துத்தம்தான். வளர்ந்த எருக்கஞ்செடி ஒன்றைக் கொன்று காட்டிய துத்தம். ஆனால் கம்பெனியில் அவரைப் பற்றி ஏற்கெனவே நாலு பேச்சு இருந்தது. ஐந்தாவது ஒன்று படத்தோடு போவதை அவர் விரும்பவில்லை.

“ஒரு பேச்சுக்குச் சொன்னா...” என்றார். “பூச்சின்னா எங்கனயும்தான் இருக்கும். கோடையில கூடுதலா இருக்கும். அடுத்த வாரம் வேற துத்தம் தாரேன்.” சைக்கிள் மணியை எதற்கோ அடித்துக்கொண்டே போனார்.

ராமசுப்புவுக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியில் வேதமாணிக்கத்தின் பூச்சி இல்லை என்பது இருந்தது. “இருந்துட்டுப் போம். ஆனா இந்த மூட்டைப்பூச்சிய எல்லாம் எழுதாதேயும், வளவுக்குக் குடி வரமாட்டாங்க” என்று சொல்லிவிட்டு, படத்தை மடியில் செருகப் பார்த்தார். வேதமாணிக்கம் பிடுங்கிக்கொண்டார்.

மத்தியானம் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மாளின் தலை தெரிந்தது. நன்றி சொல்ல வந்த தலையாகத் தெரியவில்லை.

“எத்தனை நாளா தெரியும்?”

“உப்பு எனக்கும் கரிக்கும்.”

“தெரிஞ்சுக்கிட்டே களிய எட்டி எட்டிப் பாத்திருக்கீரு. வெக்கமில்ல?”

“எனக்கு எதுக்கு வெக்கம்? துத்தத்த என் எருக்குலயா கொட்டுவ?”

“வேற எங்கன கொட்ட? புள்ளைய இருக்க வீட்டுல வெசத்த வச்சுக்கிட முடியுமா? தெக்குத் தெருவுல ஒருத்தி கரைச்சுக் குடிச்சுச் செத்தா, படம் எடுக்க நீருதான் போனீரு, மறந்துட்டீரா?”

மறக்கவில்லை. அந்தப் பெண்ணின் உதட்டு நீலத்தைப் பென்சிலால் அழித்தவர் அவர்தான். வாடிய செடியைப் பிடுங்கி எறிந்தார்.

“கூறுகெட்டவளே, கேளு. செல்லத்துரை முன்னால உன் உப்பையே போடு. அவன் போனதும் திங்கதுக்கு உள்ளத முதல்ல எடுத்து வச்சுக்கோ. மிச்ச மாவு பசைக்குக் கொதிக்கும்போது துத்தத்த அதுல போடு. வெசம் பசைச்சட்டிக்குள்ளயே போயிரும், வீட்டுல தங்காது. பசைச்சட்டிய வேற எதுக்கும் எடுக்காத. இவ்வளவு மூளை இருக்கு, அதுக்கு மேல ஒரு விரக்கடை இல்ல.”

பாண்டியம்மாள் அதை ஒரு கணம் மனசில் ஓட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“பெரிய புத்தி! சமையல் சொல்லித்தர வந்துட்டாரு, பூச்சி திங்குதவரு!”

“நான் திங்கல, படம்தான்...”

தலை மறைந்துவிட்டது.

அடுத்த வாரம் பெட்டிகள் ஓட்டையில்லாமல் போயின. களி அதே நிறத்தில் வந்தது. ஐந்து வீட்டிலும் வேதமாணிக்கத்தின் மேல் வெறுப்பு இரண்டு படி கூடியது. முன்னே அவர் மூட்டைப்பூச்சி மட்டும் தெரிந்தவர். இப்போது அடுப்புக்குள் இருப்பதும் தெரிந்தவர். கிணற்றடியில் அவர் வாளியை வைத்தால் மற்ற வாளிகள் நகர்ந்தன. அவர் அதைப் பார்த்துத் தன் வாளியை இன்னும் நடுவில் வைத்தார்.

பாண்டியம்மாளுக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டிருந்தது: நோட்டு. வாயால் சொல்லாததைக் கையால் எழுதியிருப்பார். செல்லத்துரை என்றைக்காவது திரும்ப வந்து அந்தப் பக்கத்தைப் புரட்டினால்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வேதக்கோயிலுக்குப் போய்விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், அழகுத்தாயைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

“நோட்ட எடும்.”

“எதுக்கு?”

“ராமபாணம் பக்கத்த இவ வாசிக்கணும். என் பேரு இருந்தா அந்தப் பக்கத்த இப்பவே கிழிக்கணும். நீரு கிழிக்கலன்னா நான் கிழிப்பேன். மூட்டைப்பூச்சி இருந்துட்டுப் போவுது. இது என் சோத்துல கை வைக்க சமாச்சாரம்.”

அவர் அசையவில்லை. அழகுத்தாயே பெஞ்சிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தாள். படத்தைப் பார்த்து, “ஆத்தாடி!” என்றாள். அவ்வளவு நல்ல படம். அதன் கீழே மற்றப் பக்கங்களில் இருக்கிற மைக்கூட்டு எழுத்து இல்லை. ஸ்டூடியோவில் மூஞ்சி திருத்துகிற ஊசிப் பென்சிலின் மெல்லிய எழுத்து. அழகுத்தாய் விரலை வைத்துக் கூட்டி வாசித்தாள்.

“ராமபாணப் பூச்சி. பங்குனி 20. பசை, காகிதம். மிகச் சாதாரணமான வகை. பிடித்த வீடு...” நிறுத்தினாள். திரும்ப ஒரு தடவை மனசுக்குள் கூட்டிப் பார்த்தாள். “வேதமாணிக்கம் வீடு.”

“சரியா வாசிட்டி.”

“சரியாத்தான் வாசிக்கேன். வேதமாணிக்கம் வீடுன்னு போட்டிருக்கு.”

பாண்டியம்மாள் நோட்டை வாங்கி, எழுத்துத் தெரியாத கண்ணால் அந்தப் பக்கத்தை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“பொய்யி” என்றாள்.

“ஆமா” என்றார் வேதமாணிக்கம்.

“எங்க பெட்டியில இருந்த பூச்சிய உம்ம வீட்டுலன்னு எழுத நீரு யாரு? என் கட்டில்ல இருந்த மூட்டைப்பூச்சிக்குத் தலைமாடு, கால்மாடு எல்லாம் எழுதத் தெரிஞ்சுச்சுல்லா? இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு? உம்மகிட்ட நான் என்ன பிச்சையா கேட்டேன்?”

“கிழிக்கணும்னு வந்தேல்லா. கிழி.”

அவள் கிழிக்கவில்லை. நோட்டை டப்பென்று பெஞ்சில் போட்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள்.

“நாளைக்குத் துத்தம் போட்டு இன்னொரு எருக்கையும் கொல்லுதேன் பாரும்” என்றாள்.

“கொல்லு” என்றார் அவர். “எந்த வீட்டுத் துத்தம்னு மையில எழுதுதேன்.”